புழங்காத வீடு நிற்காது

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அந்தப் படங்களை எனக்கு அனுப்பாதவர்கள் இல்லை. பண்ணைக்காரர்கள் விட்டுப்போய், நாங்கள் பழுதுபார்த்து ஊர்ப் பொதுவில் புழங்கும் நம் ஊர்ப் பெரிய வீட்டுக் கூடம். தேக்குத் தூணில் மஞ்சளும் சந்தனமுமாக ஒரு கைத்தடம். முற்றத்துக் கொடியில் காயும் ஈரத் துண்டுகள். திண்ணையில் வரிசையாக உட்கார்ந்து பொங்கல் சாப்பிடும் பிள்ளைகள். அதற்கு மேலே படத்தைப் போட்டவர் எழுதியிருந்ததையும் எல்லோரும் படித்திருப்பீர்கள். இவ்வளவு பாடுபட்டு மீட்ட வீட்டை இப்படியா கெடுப்பது, வீட்டின் அமைதியே போய்விட்டது, யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம் என்றால் பாரம்பரியம் எப்படி மிஞ்சும் என்று கேட்டிருந்தார்.

அவர் மோசமான ஆள் இல்லை. வேலை நடந்தபோது இரண்டு முறை வந்து பார்த்துப் பாராட்டிவிட்டுப் போனவர். அதனால்தான் கூடுதலாக வலிக்கிறது.

இரண்டு நாள் பேசாமல் இருக்கத்தான் நினைத்தேன். செவ்வாய்க்கிழமை ராத்திரி, அந்தக் கூடத்தில் வளைகாப்பு நடந்த, தூணில் கைத்தடம் பதித்த பெண்ணே போன் செய்தாள். "அக்கா, நானே வந்து தொடச்சிக் குடுத்துடுறேன். தெரியாம வச்சுட்டேன்" என்று அழுகிறாள். ஏழு மாதம். மணையிலிருந்து எழுந்திருக்கும்போது தடுமாறித் தூணைப் பிடித்திருக்கிறாள், அவ்வளவுதான். அவள் அழுத பிறகும் வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கடைசி வரைக்கும் இதையேதான் சொல்லப்போகிறேன். வீடு புழங்கினால்தான் நிற்கும்.

வசனத்துக்காகச் சொல்லவில்லை. ஓட்டு வீட்டில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். குரங்கு ஓடியோ பூனை குதித்தோ காற்றடித்தோ ஓர் ஓடு நழுவும். ஆள் இருக்கிற வீட்டில் அன்றைக்கு ராத்திரியே யாராவது மேலே சொட்டு விழுந்து எழுந்து, குண்டானை வைத்துவிட்டு, விடிந்ததும் ஏணி தேடுவார்கள். ஆள் இல்லாத வீட்டில் அந்தச் சொட்டு ஓட்டைத் தாங்கும் கைமரத்தில் இறங்கும். ஓர் ஐப்பசி, ஒரு கார்த்திகை போதும். கைமரம் ஊறும், கரையான் ஏறும், அடுத்த வருஷம் உத்திரம். பூட்டிய வீடு சத்தமே இல்லாமல் மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டிருக்கும்.

நம் பெரிய வீடு இருபது வருஷத்துக்கு மேல் அப்படித்தான் கிடந்தது. வீட்டுக்காரப் பெரியவர் காலமானதும் பிள்ளைகள் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டார்கள். 2021-இல் வேலையை ஆரம்பித்தபோது நெல் கொட்டிவைக்கும் பத்தாய அறைச் சுவரில் அரசங்கன்று என் உயரத்துக்கு நின்றது. வேர் செங்கல்லுக்குள் எவ்வளவு தூரம் போயிருந்தது என்று நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கைமரத்தின் நுனியை விரலால் தொட்டேன், தவிடு மாதிரி உதிர்ந்தது. கூடம் முழுக்க வௌவால் எச்சம். அப்போது அந்த வீட்டில் அமைதி இருந்தது. அந்த அமைதி இன்னும் இரண்டு மழைக்காலம் நீடித்திருந்தால் இன்றைக்குப் படம் எடுக்க வீடே இருந்திருக்காது.

சரி, மீட்டது எப்படி என்று கொஞ்சம் சொல்கிறேன். பின்பக்கச் சுவருக்கு யாரோ ஒரு காலத்தில் சிமெண்ட் பூசிவிட்டிருந்தார்கள். நம் டெல்டா மண்ணில் தண்ணீர் கைக்கெட்டும் ஆழத்தில் நிற்கும். சம்பா நடவு முடிந்துவிட்டால் ஓதம் சுவரில் ஏறாமல் இருக்காது. சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமெண்ட் விடாது. ஈரம் உள்ளேயே நின்று உப்புப் பூத்து, செங்கல்லையும் சேர்த்து உதிர்க்கும். வந்த கொத்தனார் பெரியவர் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது மூச்சு முட்டிக் கெடக்குதும்மா, எல்லாத்தையும் சுரண்டுங்க" என்றார். சுரண்டினோம். அப்புறம் சுண்ணாம்பை நீற்றி, மணல் சேர்த்து அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரை ஊற்றிக் குழைத்தோம். அந்தத் தண்ணீர் ஒரு வாரம் புளித்த பிறகு வரும் வாடை இருக்கிறதே, பழையதும் கருப்பட்டியும் கலந்த மாதிரி. அரைத்தவர்கள், சுமந்தவர்கள் எல்லாரும் தெற்குத் தெருப் பெண்கள். சுண்ணாம்பு விரலிடுக்கில் அறுத்துப் புண்ணாகி, தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு மறுநாளும் வந்தார்கள். அந்த வளைகாப்புப் பெண்ணின் அம்மாவும் அதில் ஒருத்தி.

அம்மா கை வைத்துப் பூசிய வீட்டில் மகள் கை வைத்தது உங்களுக்குக் கறையாகத் தெரிகிறது. எனக்கு அப்படித் தெரியவில்லை.

"நினைவிடம் என்றால் ஒரு மரியாதை வேண்டாமா, கும்பகோணத்தில் கணித மேதை ராமானுஜன் வீட்டைப் பாருங்கள்" என்று ஒருவர் கேட்டிருந்தார். பார்த்திருக்கிறேன். சாரங்கபாணி சன்னதித் தெருவில் இருக்கும் அந்தச் சின்ன வீட்டை 2003-இல் சாஸ்த்ரா பல்கலைக்கழகம் வாங்கிப் பாதுகாக்கிறது. திண்ணை ஏறும்போதே எனக்குப் பேச்சு வரவில்லை. அது ஒரு மனிதருக்கான வீடு, அங்கே அப்படி இருப்பதுதான் முறை. உ.வே.சா.வின் சொந்த ஊரான உத்தமதானபுரத்தில் நினைவு இல்லம் இருக்கிறது, அதுவும் அப்படியே. ஆனால் அவர் சென்னை திருவல்லிக்கேணியில் வாழ்ந்த வீட்டை 2012-இல் இடித்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? தமிழுக்கு அவ்வளவு செய்தவரின் வீட்டுக்கே அந்தக் கதி. பேர் தெரியாத நம் கிராமத்து வீட்டை மரியாதை மட்டும் காப்பாற்றிவிடுமா? தினமும் திறந்து பெருக்குகிற கை வேண்டும்.

தரங்கம்பாடிக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். 2004 சுனாமிக்குப் பிறகு பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பு அங்கே பழைய வீடுகளை எடுத்துச் சீராக்கியது. வேலை ஆரம்பிப்பதற்கு முன்னால் நாங்கள் நாலு பேர் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். தூணையும் ஓட்டையும் பார்க்கத்தான் போனேன். திண்ணையில் ஒரு பாட்டி கீரை ஆய்ந்துகொண்டிருந்தது மட்டும்தான் திரும்பி வரும்போது மனதில் நின்றது.

"இடித்துவிட்டு நல்ல காங்கிரீட் மண்டபம் கட்டியிருக்கலாமே" என்பவர்களுக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சித்திரையில் மதியம் இரண்டு மணிக்கு வந்து கூடத்தில் உட்காருங்கள். சுவர் ஒன்றரை அடி கனம், சூடு முற்றத்து வழியே மேலே போய்விடும். அதற்குப் பிறகு பேசலாம்.

பாதுகாப்பைப் பற்றிக் கேட்டவர்களுக்கு அப்படிச் சொல்லிவிட முடியாது. பிள்ளைகள் கூடும் பழைய கட்டடம். கும்பகோணத்தில் 2004 ஜூலை 16-ஆம் தேதி பள்ளிக்கூடத்தில் 94 பிள்ளைகளைத் தீக்குக் கொடுத்தவர்கள் நாம். இன்றைக்கும் அந்தத் தேதி வந்தால் எனக்குச் சோறு இறங்காது. அதனால்தான் வீட்டுக்குள் அடுப்பே கிடையாது. சமையல் எல்லாம் கொல்லையில் தனிக் கொட்டகையில். வகுப்பு நடக்கும்போது முன் கதவும் பின் கதவும் திறந்தே இருக்கும், வழியில் ஒரு சைக்கிள்கூட நிற்காது. இதில் குறை கண்டால் சொல்லுங்கள், அன்றைக்கே சரிசெய்கிறோம். இந்தக் கேள்வியை எத்தனை தடவை கேட்டாலும் கோபம் வராது.

கோபம் வருவது "யார் வேண்டுமானாலும்" என்ற வார்த்தைக்குத்தான்.

அந்த யார் வேண்டுமானாலும் யார் என்று எனக்குத் தெரியும். என் அம்மா அந்தப் பண்ணையில் நாற்று நட்டவள். கூலி நெல்லை மரக்காலில் அளந்து போடுவது கொல்லையில், கிணற்றடியில். முந்தானையை விரித்துக்கொண்டு நிற்பாள். நான் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அங்கிருந்து பார்த்தால் கதவிடுக்கில் முற்றத்துத் தூண் ஒன்றின் அடிப்பாகம் மட்டும் தெரியும், கருப்பாக, எண்ணெய் போட்ட மாதிரி. அந்தத் தூணுக்கு மேலே என்ன இருக்கும் என்று சின்ன வயதில் எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன்.

2018 நவம்பர் 16. கஜா புயல். மன்னார்குடிப் பக்கம் இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நள்ளிரவுக்கு மேல் எங்கள் கூரை போனது. பக்கத்தில் ஒவ்வொன்றாகப் போகிறது. தென்னை முறியும் சத்தம் வெடி மாதிரி கேட்கிறது. பையன்கள் ஓடிப்போய்ப் பெரிய வீட்டுப் பூட்டை உடைத்தார்கள். பிள்ளைகளையும் கிழடுகளையும் இழுத்துக்கொண்டு போனோம். நான் அம்மாவின் கையைப் பிடித்திருந்தேன். வாசல்படி வரை வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். "முன் வாசல் வழியாவா?" என்று கேட்டாள். காற்று ஆளைத் தள்ளுகிறது, மழை முகத்தில் அறைகிறது. கொல்லைப் பக்கம் சுற்றிப் போகலாமா என்று என் அம்மா யோசிக்கிறாள்.

தூக்காத குறையாக உள்ளே கொண்டுபோனேன். நழுவின ஓட்டு வழியே, வாசலிலிருந்து உள்ளே போகும் ரேழியில் தண்ணீர் கொட்டியது. மரச்சட்டத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்து மெட்ராஸ் தளம் போட்ட இரண்டு அறைகள் அசையவில்லை. அறுபது பேருக்கு மேல் அங்கே உட்கார்ந்து விடியலைப் பார்த்தோம். பத்து நாளைக்கு மேல் முற்றத்தில்தான் கஞ்சி காய்ச்சினோம். செய்தி போய், பெரியவரின் பேரன் ஊருக்கு வந்தார். பூட்டை உடைத்ததற்குச் சண்டை போடுவார் என்று பயந்தோம். வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இனிமே நீங்களே வச்சுக்குங்க, பூட்டாதீங்க" என்றார். பிறகு ஊர்ப் பொதுவுக்கென்று எழுதியும் கொடுத்தார். இந்த வீடு நம் கைக்கு வந்த கதை இதுதான். புழங்கியதால் வந்தது.

எங்கள் பக்கத்திலிருந்தே ஒரு கேள்வி வருகிறது. அதை மறைத்தால் நான் நேர்மையில்லாதவள். "நம்மைக் கொல்லையில் நிறுத்தின வீட்டை நாம ஏன் காப்பாத்தணும்? இடிஞ்சு போகட்டும்" என்று என் தம்பி முறை ஒருவனே கேட்டான். கூலி உயர்வு கேட்ட விவசாயக் கூலிகளின் குடும்பங்களைக் குடிசையோடு எரித்த கீழவெண்மணி இங்கிருந்து அதிக தூரம் இல்லை, 1968-ஐ எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததே, அது இந்தத் தஞ்சாவூர் ஜில்லாவுக்கென்றுதான் வந்தது. ஏன் வந்தது என்று எங்கள் வீட்டில் கதையாகவே சொல்வார்கள். அவன் கோபத்துக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஒன்றுதான் சொன்னேன். அந்தச் செங்கல்லுக்கு மண் மிதித்தவர்கள் யார், அந்தத் தேக்கை ஆற்றங்கரையிலிருந்து சுமந்தவர்கள் யார்? இடிந்தால் நம் தாத்தாக்களின் வேலைதான் இடியும். அவன் சமாதானம் ஆனானா தெரியாது. சுண்ணாம்பு அரைக்க மட்டும் வந்தான்.

இப்போது பத்தாய அறை நூலகம். நெல் மணம் இன்னும் போகவில்லை, மழை நாளில் புத்தகத்தைப் பிரித்தாலே வரும். சாயங்காலம் கூடத்தில் முப்பது பிள்ளைகளுக்கு நானும் இன்னொரு டீச்சரும் பாடம் சொல்லித்தருகிறோம். செவ்வாய் வெள்ளியில் தையல். மாதத்தில் ஒரு நாள் கண் பரிசோதனை. வளைகாப்பு, காதுகுத்து, மண்டபத்துக்குக் காசில்லாதவர்களின் நிச்சயதார்த்தம். துண்டு காயத்தான் செய்யும். பிள்ளைகள் சிந்தத்தான் செய்வார்கள். முன்பு இதே வீட்டில் நாற்பது பேர் இருந்தபோது சிந்தாமலா சாப்பிட்டார்கள்? அன்றைக்கு அதற்குப் பெயர் குடும்பம். இன்றைக்கு நாங்கள் சாப்பிட்டால் அது கெடுப்பதா? வெற்று முற்றமும் விழும் வெயிலும்தான் படத்துக்கு அழகு என்றால் அழகு உங்களுக்கு மட்டும், வீடு யாருக்கு?

என் அம்மா போன வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டாள். கடைசி ஆறு மாதம் தினமும் நாலு மணிக்கு அந்தத் திண்ணையில் வந்து உட்காருவாள். யாரும் கூப்பிட வேண்டாம். முன் வாசல் திண்ணையில். ஞாயிற்றுக்கிழமைப் படத்தில் பிள்ளைகள் பொங்கல் சாப்பிடுகிறார்களே, இடது ஓரம், அந்த இடம்.

அந்தப் பெண்ணிடம் துடைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். போய்ப் பார்த்தேன். ஐந்து விரலும் தெளிவாக இருக்கிறது. மணிக்கட்டுக்குக் கீழே வளையல் பட்ட இடத்தில் மூன்று கோடு. எண்ணெய் போட்டுத் துடைக்கத் துடைக்கத் தானாக மங்கும்போது மங்கட்டும்.

அப்புறம், ஒரு வேலை இருக்கிறது. ஐப்பசி மழைக்கு முன்னால் ரேழிக்கு மேலே ஓடு மாற்றிப் போட வேண்டும். நாட்டு ஓடு ஆயிரத்துக்கு மேல் தேவைப்படுகிறது, புதிதாக அதே அளவில் கிடைப்பதில்லை. பழைய வீட்டைப் பிரிப்பவர்கள், கொல்லையில் ஓடு அடுக்கி வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து தூக்கி எறிய வேண்டாம். உள்பெட்டியில் சொல்லுங்கள். டிராக்டர் எடுத்துக்கொண்டு நாங்களே வந்து ஏற்றிக்கொள்கிறோம். உடைந்தது கலந்திருந்தாலும் பரவாயில்லை.