பை என்ன நிறம் என்று முக்கால் மணி நேரம்

மகளிர் தினத்தை ஒட்டி மார்ச் மாதம் நடத்தப்போகும், பெண்களை வேலைக்கு எடுக்கும் ஹயரிங் நிகழ்ச்சி பற்றி எங்கள் அலுவலகத்தில் நேற்று முதல் கூட்டம். வருகிறவர்களுக்குக் கொடுக்கும் பை ஊதாவா, பிங்க்கா என்பதிலேயே முக்கால் மணி நேரம் போய்விட்டது. எந்த டீமில் எத்தனை இடம் காலி என்று கேட்டேன். "அத அப்புறம் பாத்துக்கலாம்க்கா" என்றார் எச்ஆர் தம்பி. அந்த எரிச்சலில்தான் எழுதுகிறேன், நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2019-இல் நானும் இப்படி ஒரு நிகழ்ச்சிக்குப் போனவள்தான். சாஃப்ட்வேரில் பிழை இருக்கிறதா என்று சோதிக்கும் டெஸ்டிங் வேலையை விட்டு நான்கு வருடம் ஆகியிருந்தது. சனிக்கிழமை, பையனை மாமியாரிடம் விட்டுவிட்டு, தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் வழியாக, சென்னையின் ஐடி கம்பெனிகள் வரிசையாக இருக்கும் ஓஎம்ஆர் சாலைக்கு இரண்டு பஸ் மாறிப் போனேன். பெரிய ஹோட்டல். வாசலில் ஒரு ரோஜாப்பூ கொடுத்தார்கள். மேடையில் மூன்று பெரிய அதிகாரிகள் வீட்டையும் வேலையையும் எப்படிச் சமாளித்தோம் என்று பேசினார்கள். மூன்று பேர் வீட்டிலும் சமையலுக்கு ஆள் இருந்தது, அதை மட்டும் யாரும் சொல்லவில்லை. அப்புறம் ஸ்டால். ரெஸ்யூமை நீட்டினால் கையில் வாங்கவில்லை. க்யூஆர் கோடைக் காட்டி, "போர்ட்டல்ல அப்ளை பண்ணிடுங்க மேடம்" என்றார்கள். அதற்கு நான் தாம்பரத்திலேயே இருந்திருக்கலாமே?

ராத்திரி பையன் தூங்கினபின் அந்தப் போர்ட்டலை, அதாவது கம்பெனியின் விண்ணப்ப இணையதளத்தை, திறந்தேன். இப்போது வேலை செய்யும் நிறுவனத்தின் பெயரை எழுதாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியவில்லை. வேலையில் இடைவெளி விட்டவர்களுக்கென்றே அழைத்த நிகழ்ச்சியின் படிவம் அது! "இல்லை" என்று அடித்து அனுப்பினேன். மறுநாள் காலையில் நிராகரிப்பு மெயில் வந்திருந்தது.

ஆனாலும் அந்த நிகழ்ச்சியால்தான் எனக்கு வேலை கிடைத்தது. அது நிகழ்ச்சி நிரலில் இல்லாத ஒரு விஷயத்தால். சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் வேறொரு கம்பெனியின் டெஸ்ட் லீட். "என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று கேட்டார். செலீனியம் என்றேன், டெஸ்ட்களைத் தானாக ஓட்டும் கருவி அது. ஒரு நாள் பாஸ் ஆகி, மறுநாள் காரணமே இல்லாமல் ஃபெயில் ஆகும் டெஸ்ட்களை என்ன செய்வீர்கள் என்றார். தட்டைக் கையில் வைத்துக்கொண்டே பத்து நிமிடம் பேசினோம். போன் நம்பர் வாங்கிக்கொண்டு, தன் கம்பெனியில் என் பெயரைக் கொடுத்து ரெஃபரல் போட்டார். மூன்று வாரத்தில் இன்டர்வியூ. அவர் எனக்குச் சலுகை எதுவும் காட்டவில்லை, பத்து நிமிடம் என் வேலையைப் பற்றிக் கேட்டார், அவ்வளவுதான்.

"திறமைக்கு எதுக்கு ஆண், பெண்? பெண்களுக்கு மட்டும் தனி நிகழ்ச்சி ஏன்?" என்று கமென்ட்டில் யாராவது கேட்பீர்கள். எங்கள் கட்டடத்துக்குக் கீழே ஒரு டீக்கடை இருக்கிறது. எந்த டீமில் ஆள் எடுக்கிறார்கள், எந்த மேனேஜர் கிளம்பப் போகிறார் என்பதெல்லாம் சாயந்திரம் ஐந்து மணிக்கு அங்கே தெரிந்துவிடும். அங்கே நிற்பவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். அவர்களுக்கு நெட்வொர்க்கிங் தினமும் ஒரு டீ விலையில் நடக்கிறது. நான்கு வருடம் வீட்டில் இருந்தவளுக்கு அந்தக் கடை இல்லை. அதை அவளுக்கு அரை நாளாவது போட்டுத் தருவதுதான் இந்த நிகழ்ச்சியின் வேலை.

அமெரிக்காவில் கணினி முன்னோடி கிரேஸ் ஹாப்பர் பெயரில், கணினித் துறைப் பெண்களுக்காக நடக்கும் மாநாட்டைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அனிதா போர்க், டெல் விட்னி (Telle Whitney) என்ற இரண்டு கணினி விஞ்ஞானிகள் 1994-இல் வாஷிங்டனில் தொடங்கியது. காலப்போக்கில் அதன் ஜாப் ஃபேர்தான் பெரிய ஈர்ப்பாக ஆனது, வந்த இடத்திலேயே இன்டர்வியூ நடக்கும். 2023-இல், ஐடி துறையில் ஆட்குறைப்பு நடந்துகொண்டிருந்த நேரம், ஆர்லாண்டோவில் கூடியபோது ஆண்கள் கூட்டமாக உள்ளே வந்து வரிசையை அடைத்துக்கொண்டார்கள். பதிவு செய்யும்போது சிலர் தங்கள் பாலினத்தையே பொய்யாகச் சொன்னதாக நடத்தியவர்களே வருத்தப்பட்டார்கள். செய்தது அநியாயம்தான், சந்தேகமில்லை. ஆனால் எனக்கு வேறொன்றும் தோன்றியது. நம்மூர் மகளிர் தின ஹயரிங் நிகழ்ச்சிக்குள் எந்த ஆணும் பொய் சொல்லி நுழைந்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை. ரோஜாப்பூவுக்காக யார் பொய் சொல்வார்கள்?

போன வருடம் என் டீம் அளவில் சின்னதாக ஒன்று நடத்திப் பார்த்தோம். 40 பேரைத்தான் அழைத்தோம். புதன்கிழமை காலை பத்து முதல் ஒன்று வரை, பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் நேரம். பள்ளிக்குப் போகாத வாண்டுகளுக்கு ஓர் அறை. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 2017-லேயே சட்டத் திருத்தம் வந்துவிட்டது, 300 பெண்களை அழைக்கும் ஹாலில் ஒரு பாய் விரிக்க மட்டும் யாருக்கும் தோன்றுவதில்லை. மேடை வைக்கவில்லை. மேஜைக்கு ஆறு பேர், கூடவே ஆள் தேவைப்படும் மேனேஜர் ஒருவர். காலி இடங்களின் பட்டியலை முன்னாலேயே அனுப்பிவிட்டோம். வேலை இல்லை என்றாலும் பத்து நாளில் காரணத்தோடு பதில் சொல்வோம் என்றோம். மேனேஜர்களை மூன்று மணி நேரம் உட்கார வைப்பதுதான் பெரும்பாடு, ஒருவர் பாதியில் கிளையன்ட் கால் என்று நழுவிவிட்டார். 5 பேர் சேர்ந்தார்கள். ஒருவருக்கு ஏழு வருட இடைவெளி, இன்றைக்கு சாஃப்ட்வேர் ரிலீஸ் ஆகும் நாளில் எல்லோரும் தேடுவது அவரைத்தான்.

நேற்றைய கூட்டத்தில் இதையெல்லாம் சொன்னேன். கூடவே, மார்ச்சே வேண்டாம், அது பரீட்சை மாதம், ப்ளஸ் டூ பிள்ளையை வைத்துக்கொண்டு எந்த அம்மா வருவாள், ஜூனில் பள்ளி திறந்து இரண்டு வாரம் கழித்து வையுங்கள் என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். இன்று காலையில் மெயில் வந்தது: மகளிர் தினத்துக்கு ஒதுக்கிய பணத்தை மார்ச் 31-க்குள் செலவு செய்தாக வேண்டுமாம். பை ஊதா நிறமாம்.