டிஎன்சி பெட்டி கட்டாயம் இல்லைங்க

மேலே ஒரு அண்ணா, "லினக்ஸில் பாக்கெட் ரேடியோ வேண்டுமென்றால் டிஎன்சி பெட்டி வாங்கணும், கர்னலையும் மறுபடி கம்பைல் பண்ணணும்" என்று எழுதியிருக்கிறார். பாக்கெட் ரேடியோ என்பது கணினித் தகவலைச் சிறு துண்டுகளாக (பாக்கெட்) ரேடியோ வழியாக அனுப்புவது. அந்தத் தகவலை ஒலியாகவும், ஒலியைத் தகவலாகவும் மாற்றும் பெட்டிதான் டிஎன்சி; கர்னல் என்பது லினக்ஸின் மையப்பகுதி. பெட்டி வாங்குவது, கர்னலைக் கம்பைல் பண்ணுவது இரண்டுமே தேவையில்லைங்க. கோபியிலோ தாராபுரத்திலோ ஒரு கல்லூரி மாணவர் இதைப் படித்துவிட்டு ஆசையையே விட்டுவிடக் கூடாது.

டைர்வுல்ஃப் என்ற இலவச மென்பொருள், கணினியின் சவுண்டு கார்டையே அந்தப் பெட்டியின் வேலையைச் செய்யும் மோடமாக்கிவிடும். 1200 பாட் (நொடிக்கு 1200 பிட் வேகம்) பாக்கெட் என்பது 1200, 2200 ஹெர்ட்ஸ் ஆகிய இரண்டு ஒலிகள்தான். டைர்வுல்ஃப், டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வகைகளின் மென்பொருள் களஞ்சியங்களிலேயே கிடைக்கிறது. பாக்கெட் பரிமாற்றத்துக்கான விதிகளான ஏஎக்ஸ்.25 நெறிமுறையும் அதற்குள்ளேயே இருப்பதால் கர்னல் பக்கம் போக வேண்டாம். மற்ற செயலிகள் 8000 அல்லது 8001 போர்ட் வழியாக இணையும்.

பலர் சிக்குவது ஒலி அளவில். மைக் உள்ளீட்டை ஏற்றிவிட்டால் சத்தம் நன்றாகக் கேட்கும், ஆனால் ஒரு பாக்கெட்டைக்கூட மென்பொருளால் படிக்க முடியாது. டைர்வுல்ஃப் காட்டும் ஆடியோ அளவு 50-ஐ ஒட்டி இருக்கட்டும். ரேடியோவில் சிக்னல் இல்லாதபோது இரைச்சலை அடைக்கும் ஸ்குவெல்ச்சைத் திறந்தே வையுங்கள்.

அனுப்புவதற்கு அமெச்சூர் உரிமமும் அழைப்புக்குறியும் கட்டாயம். அப்புறம், ஒலி வந்ததும் ரேடியோவைத் தானாக அனுப்பும் நிலைக்கு மாற்றும் சாதாரண வாக்ஸை நம்பாதீர்கள். பாக்கெட் முடிந்த பிறகும் ரேடியோவை அனுப்பும் நிலையிலேயே பிடித்து வைத்து, பதிலைத் தவறவிடும். பிடிடி (கணினியே ரேடியோவை அனுப்பும் நிலைக்கு மாற்றுவது) வசதியுள்ள யுஎஸ்பி இடைமுகம் வாங்குங்கள்.