நோட் பிளாக்கில் பியானோ மட்டும் இல்லை

தம்பி, மைன்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டில் நோட் பிளாக் (தட்டினால் இசை ஒலிக்கும் கட்டை) பியானோ மாதிரி மட்டும்தான் ஒலிக்கும், கூத்து மத்தள ஒலிக்கு மொட் (விளையாட்டை மாற்றும் கூடுதல் நிரல்) போட்டே ஆக வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அது பிழை. ஒலியைத் தீர்மானிப்பது அதற்குக் கீழே இருக்கும் பிளாக். கல் வைத்தால் கனத்த முரசு, மணல் வைத்தால் ஸ்நேர் என்ற சலசலக்கும் முரசு, கண்ணாடி வைத்தால் 'டிக்' என்ற தட்டல், களிமண் பிளாக் என்றால் புல்லாங்குழல். நீங்கள் வெறும் மண்ணின்மேல் வைத்துப் பார்த்திருப்பீர்கள், அதுதான் அப்படி.

மட்டக்களப்பில் வடமோடிக் கூத்து பார்த்து வளர்ந்த நானும் என் மருமகனும் கல்லையும் மணலையும் மாற்றி மாற்றி வைத்து ஒரு தாளக்கட்டு செய்தோம். மத்தளம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்! கூத்தில் தட்டும் தாளமான சல்லாரிக்குத்தான் சரியான ஒலி கிடைக்கவில்லை.

பிளாக்குகளை வரிசையாக ஒலிக்க வைக்கும் ரிப்பீட்டரின் (சமிக்ஞையைத் தாமதித்து அனுப்பும் கருவி) ஆகக் குறைந்த தாமதம் 0.1 விநாடி, அதனால் வேகமான தீர்மானங்கள் (தாளத்தை முடிக்கும் கட்டுகள்) கொஞ்சம் இடறும். சுருதி 25 படிகள், அதாவது இரண்டு ஸ்தாயி. ஒவ்வொரு தட்டுக்கும் அரைச் சுரம் ஏறும். கமகம் (சுரத்தை அசைத்து இழைப்பது) வராது என்று நீங்கள் சொன்னது சரிதான். அப்புறம், பிளாக்குக்கு மேலே வேறு பிளாக் வைத்து மூடிவிடாதீர்கள், சத்தமே வராது.