தம்பியின் ஞானஸ்நானத்துக்கு நான் போகவில்லை

போன வாரம் சாப்பாட்டு நேரத்தில் என்னோடு வேலை பார்க்கும் பெண் ஒருத்தி டப்பாவைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தாள். என்ன என்று கேட்டதும் அழுதுவிட்டாள். அவள் தங்கை இஸ்லாத்துக்கு மாறிவிட்டாளாம். அடுத்த மாதம் நிக்காஹ். வீட்டில் யாரும் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டார்கள். "நான் மட்டும் போனா, அவ செஞ்சதை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடாதாக்கா?" என்றாள்.

போ என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை அந்த அரை மணி நேரத்தில் முழுசாகச் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

எங்களுக்குப் பண்ருட்டிப் பக்கம். திருவதிகைக் கோயில் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். சின்ன வயதில் பிரதோஷத்துக்கு அம்மா எங்கள் மூன்று பேரையும் கூட்டிப்போவார். அண்ணன், நான், தம்பி. அப்பரின் அக்கா திலகவதியார் சன்னதிக்கு வந்ததும் என்னை மட்டும் முன்னால் நிறுத்தி, "நல்லாக் கும்பிட்டுக்கோ. தம்பியைக் காப்பாத்துன அக்கா" என்பார். எனக்கும் தம்பிக்கும் ஒன்பது வயது வித்தியாசம். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துவிட்டு, சீயக்காய் போட்டு, அவன் கண் எரிகிறது என்று கத்தக் கத்தத் தலை துவட்டிவிடுவது என் வேலை. அம்மாவைவிட என் கைக்குத்தான் அவன் அடங்குவான்.

இன்றைக்கு அண்ணன் வள்ளலாரின் வடலூர் சன்மார்க்கத்தில் இருக்கிறார். தம்பி பெந்தெகொஸ்தே சபையில் இருக்கிறான். நான் அதே கோயில், அதே திருநீறு.

இதில் முதலில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அண்ணன் மாறியபோது எங்கள் வீட்டில் ஒரு சத்தமும் வரவில்லை. இத்தனைக்கும் அவர் மாற்றியது கொஞ்சமல்ல. குலதெய்வத்துக்குக் கிடா வெட்டும் இடத்துக்கு வரமாட்டேன் என்றார். அப்பாவுக்குத் திதி கொடுப்பதை நிறுத்தினார். தான் செத்தால் எரிக்கக்கூடாது, புதைக்க வேண்டும் என்று எழுதியே வைத்திருக்கிறார். வள்ளலார் சொன்னது அதுதான். சாதி, மதம், சமயம் எல்லாம் பொய் என்று பாடியவர் அவர். ஆனாலும் உறவினர் யாரும் அண்ணனைப் பார்த்து "போயிட்டான்" என்று சொன்னதில்லை. "அவர் சுத்த சைவம்" என்று பெருமையாகத்தான் சொன்னார்கள். தைப்பூசத்துக்கு ஏழு திரை விலக்கி ஜோதி காட்டும்போது அவரோடு வண்டி கட்டிக்கொண்டு போனவர்களும் உண்டு.

தம்பி மாறியபோது அதே ஆட்கள் வாசலில் வந்து நின்றார்கள். "எவ்வளவு குடுத்தாங்க?" என்று கேட்டார்கள். அவனுக்கு யாரும் ஒரு ரூபாய் கொடுக்கவில்லை. குடியை நிறுத்த முடியாமல் மூன்று வருடம் கிடந்தவன். வீட்டில் நாங்கள் வேண்டாத தெய்வம் இல்லை. கடைசியில் அந்தச் சபையில் நாலு பேர் இவன் பக்கத்தில் உட்கார்ந்து ராத்திரி முழுக்க ஜெபம் பண்ணினார்கள். அவன் எழுந்தான். அது கடவுளா, அந்த நாலு பேர் காட்டிய அக்கறையா என்று நான் வாதம் பண்ண மாட்டேன். என் தம்பி பிழைத்தான் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

இன்று "நம்மவர்" என்று எல்லோரும் கொண்டாடும் வள்ளலாரையே அன்றைக்குச் சைவர்கள் எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிடவில்லை. அவர் பாடல்களை அருளில் பிறந்த அருட்பா என்று சொல்லக்கூடாது, மயக்கத்தில் பிறந்த மருட்பா என்று யாழ்ப்பாணத்துச் சைவ அறிஞர் ஆறுமுக நாவலர் தரப்பு எதிர்த்தது. 1869இல் அந்தச் சண்டை மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போனது. எது நம்முடையது, எது அந்நியம் என்பது கொஞ்ச காலத்தில் மாறிவிடுகிறது. அதை வைத்து ஒரு தம்பியைத் தள்ளிவைக்கலாமா?

நான் தள்ளிவைத்தேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஒரு வியாழக்கிழமை போன் பண்ணினான். "அக்கா, ஞாயித்துக்கிழமை ஞானஸ்நானம் எடுக்கறேன். அம்மாவால பஸ்ஸுல வர முடியாது. அண்ணன் வரமாட்டாரு. நீ ஒருத்தி வந்தா போதும்." பார்க்கலாம் என்று சொல்லி வைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை குளித்துவிட்டு நேராகத் திருவதிகைக்குப் போய்த் திலகவதியார் முன்னால் நின்றேன். அவர் செய்ததைத்தான் நானும் செய்கிறேன் என்று அன்றைக்கு உண்மையாகவே நம்பினேன்.

இரண்டு வருடம் கழித்து அவன் செல்போனில் அந்தப் படத்தைப் பார்த்தேன். அவன் காட்டவில்லை, குழந்தை படங்களைத் தள்ளிக்கொண்டே போகும்போது வந்தது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சொட்டச் சொட்ட நனைந்து தொட்டியிலிருந்து ஏறி நிற்கிறான். பக்கத்தில் நின்ற மற்றவர்களைச் சுற்றி அவரவர் வீட்டு ஆட்கள். இவனுக்கு, நான் முன்பின் பார்த்திராத ஒரு வயதான அம்மா, பூப்போட்ட துண்டால் தலை துவட்டிக்கொண்டிருந்தார். கண்ணை இறுக மூடியிருந்தான். சின்ன வயதில் மூடுவானே, அதே மாதிரி.

அன்றைக்கு நான் போயிருந்தால் என் திருநீறு அழிந்திருக்குமா? அவன் எடுக்கப்போகிற முடிவுதான் மாறியிருக்குமா? இரண்டும் இல்லை. துவட்டிய கை என்னுடையதாக இருந்திருக்கும், அவ்வளவுதான். ஆனால் அந்த "அவ்வளவு" எனக்குத் திரும்பக் கிடைக்காது.

அதற்கப்புறம்தான் திலகவதியார் கதையை மறுபடி நிதானமாகப் படித்தேன். திருவாமூரில் பிறந்த இரண்டு பிள்ளைகள். பெற்றோர் போய்விட்டார்கள், அக்காவுக்கு நிச்சயித்த கலிப்பகையார் போரில் இறந்துவிட்டார். உயிரை விடத் துணிந்த அக்கா, "நீங்களும் போனால் உங்களுக்கு முன்னால் நான் போவேன்" என்று தம்பி அழுததால் உயிரோடு இருந்தார். அப்படிப்பட்ட தம்பிதான் சமணத்துக்குப் போய்த் தருமசேனர் ஆனார். சூலை நோய் வந்து துடித்தபோது சமையல்காரரை அனுப்பி அக்காவை வரச்சொன்னார். சமணப் பள்ளிக்கு நான் வரமாட்டேன் என்று அக்கா சொல்லியனுப்பினார். சேக்கிழார் இதைச் சொல்லும் இடத்தை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன், ஒருமுறையும் உறுத்தியதில்லை. இப்போது உறுத்துகிறது. அந்தப் பள்ளி இருந்த திருப்பாதிரிப்புலியூரிலிருந்து திருவதிகைக்கு ஏறத்தாழ 25 கிலோமீட்டர். அத்தனை தூரத்தையும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, இருட்டில், நோயாளிதான் நடந்து வந்தார்.

திலகவதியாரைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. அதே இரவில் அவர் மடத்து வாசலில் விழுந்த தம்பியை "எங்கே போயிருந்தாய்" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, எழுப்பி, திருநீறு கொடுத்து, விடிவதற்கு முன் வீரட்டானேசுவரர் முன்னால் கூட்டிப்போய் நிறுத்தினார். அப்பரின் முதல் தேவாரப் பதிகம் 'கூற்றாயினவாறு' அங்கேதான் பிறந்தது. அந்த வாசல் திறந்ததைத்தான் நான் எடுத்துக்கொள்கிறேன். போக மறுத்ததை எடுத்துக்கொள்ள என்னால் முடியாது. இது சைவர்கள் சொன்ன கதை என்பதையும் மறக்கக்கூடாது. எங்கள் வீட்டுத் தம்பி திரும்பி வரப்போவதில்லை. வர வேண்டும் என்று நான் காத்திருப்பதும் அவனுக்குச் செய்யும் அவமரியாதை. அதே போல எனக்காக அவன் "அக்கா ரட்சிக்கப்படணும்" என்று சபையில் விண்ணப்பம் வைத்தபோது நான் நேராகவே சொன்னேன்: "என் உடம்புக்காக ஜெபம் பண்ணு, சந்தோஷம். என்னை மாத்தறதுக்குப் பண்ணாதே." கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான், அப்புறம் சரியாகிவிட்டது.

அம்மா போன வருடம் தவறினார். எங்கள் பக்கம் அப்பாவுக்குத் தலைப்பிள்ளை, அம்மாவுக்குக் கடைசிப் பிள்ளை கொள்ளி வைக்க வேண்டும். தம்பி முடியாது என்றான். "நெருப்பு மட்டும் என்னால வைக்க முடியாது மாமா, வேற எது சொன்னாலும் செய்யறேன்." மாமா கையை ஓங்கிவிட்டார். பந்தலுக்குள் ஆளாளுக்குக் கத்தல். அந்த நேரத்தில் எங்களைக் காப்பாற்றியது அம்மாவே சொல்லி வைத்திருந்த வார்த்தை. இரண்டு மாதம் முன்னால் திண்ணையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே நானே கேட்டேன், அம்மா பதற்றப்படவே இல்லை. "பெரியவன் வச்சா என்ன, சின்னவன் வச்சா என்ன. என்னை எரிச்சிடுங்க. வாசல்ல அடிச்சிக்காதீங்க." அதை நடுவில் நின்று உரக்கச் சொன்னேன். எரிப்பதே தவறு என்று நம்பும் அண்ணன் ஒன்றும் பேசாமல் மொட்டை போட்டு, கொள்ளிச்சட்டியைத் தூக்கினார். தம்பி வாய்க்கரிசி போட்டான், பாடையைத் தூக்கினான். நான் முச்சந்தி வரைதான் போனேன். அங்கிருந்து சுடுகாடு ஒரு கிலோமீட்டருக்கு மேல். மற்றவர்கள் மாறி மாறித் தோள் கொடுத்தார்களாம், தம்பி கடைசி வரை தோள் மாற்றவில்லை என்று அண்ணன் ராத்திரி சொன்னார்.

வீட்டில் இப்படி வெவ்வேறு வழி போன பிள்ளைகள் இருந்தால், அம்மா அப்பா நன்றாக இருக்கும்போதே கேட்டு வைத்துவிடுங்கள். அபசகுனம் ஒன்றும் இல்லை.

பதினாறாம் நாள் இன்னொரு பேச்சு வந்தது: மதம் மாறியவனுக்குச் சொத்தில் பங்கில்லை என்று. தவறு. மதம் மாறியதால் ஒருவரின் சொத்துரிமை போகாது என்று 1850லேயே சட்டம் வந்துவிட்டது. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டமும் மாறியவரை விலக்கவில்லை. அதன் 26ஆம் பிரிவு தடுப்பது, மாறிய பிறகு அவருக்குப் பிறந்த பிள்ளைகளை. சொத்துக்கு உரியவர் இறக்கும் நேரத்தில் அவர்கள் இந்துவாக இல்லையென்றால், இந்து உறவினர் சொத்துக்கு நேரடி வாரிசாக முடியாது. அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுக்க விரும்பும் பெரியவர்கள் உயில் எழுதிவிட வேண்டும். நான் என் பங்குக்கு எழுதிவிட்டேன், தம்பி மகளையும் சேர்த்து.

இந்த வருடக் கிறிஸ்துமஸ் ஆராதனைக்குப் போனேன். திருநீறோடுதான் போனேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பூப்போட்ட துண்டு அம்மாவைத் தேடிப் பிடித்துக் கையைப் பிடித்துக்கொண்டேன். என்ன பேசுவது என்று தெரியவில்லை. "அவன் அக்காவா?" என்று கேட்டு, என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

நேற்று அந்தப் பெண் சாப்பிட வரும்போதே கேட்டாள்: "போறேன்க்கா. என்ன வாங்கிட்டுப் போறது?" தங்கைக்கு என்ன பிடிக்கும் என்றேன். அம்மா சுடும் அதிரசம் என்றாள். "அம்மாகிட்ட யாருக்குன்னு சொல்லாம சுடச் சொல்லட்டுமா?"

யாருக்கு என்று சொல்லியே கேள் என்றேன்.

இன்று காலை சொன்னாள். அம்மா ஒரு வார்த்தையும் பேசவில்லையாம். பச்சரிசியை எடுத்து ஊறப் போட்டிருக்கிறாராம்.