கட்டாதீங்கன்னா கேக்குறாங்களா?

சம்பா நடவு தொடங்கினா மன்னார்குடிப் பக்கம் எங்க சின்ன ஆஸ்பத்திரிக்குப் பாம்புக்கடி வர ஆரம்பிச்சிடும். வர்றவங்க காலுல எல்லாம் ஒரு கட்டு! வைக்கோல் பிரி, துண்டு, சைக்கிள் டியூப்பு. காலு நீலம் பாரிச்சுக் கெடக்கு. கட்டாதீங்கன்னு எத்தனை வருஷம் கத்துறது? ரத்தம் ஓடலேன்னா காலு அழுகாதா? கடிவாயைக் கீறிட்டு வேற வர்றாங்க. கண்ணாடி விரியன் கடிச்சா ரத்தமே உறையாது, கீறினது நிக்குமா? மந்திரிக்கப் போன நேரத்தை யாரு திருப்பித் தர்றது?

இங்க வந்ததும், "ரத்தத்தைக் குழாயில எடுத்து வெச்சிட்டு சும்மா நிக்கிறியே"ன்னு என் மேல பாய்ச்சல். 20 நிமிஷம் ஆட்டாம வெச்சு, உறையுதான்னு பாக்குறதுதாங்க சோதனையே!

போன வாரம் கட்டுவிரியன் கடிச்ச பொண்ணு, என் தங்கச்சி வயசு. இமையைத் தூக்க முடியல. அவ அம்மா அப்பவும் கட்டை அவுக்க விடல.