கொடைக்கானலில் கிப்பன் இல்லை

கொடைக்கானலில் பேரிஜம் ஏரிப் பக்கம் சோலைக்காட்டுக்குள் நடந்தால் கிப்பன் என்னும் வாலில்லாக் குரங்கைப் பார்க்கலாம், காலையில் அது கூவுவதே கேட்கும், கைடுக்குப் பணம் கொடுத்தால் உள்ளே கூட்டிப் போவார் என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். கூவல் கேட்பது உண்மைதான். ஆனால் கூவுவது கிப்பன் இல்லை, கருமந்தி (நீலகிரி லங்கூர்). நீலகிரியிலும் இதே குரங்குதான்.

விடியலில் ஆண் மந்தி 'ஹூ… ஹூ' என்று மலை எதிரொலிக்கக் கத்தும். பனிமூட்டத்தில் கறுப்பாக ஏதோ தாவினால் யாருக்கும் குழப்பம் வரும். கொஞ்சம் பொறுத்து, அது கிளையில் உட்கார்ந்ததும் பாருங்கள்: உடம்பைவிட நீளமான வால் நேராகத் தொங்கும். உடல் பளபளக்கும் கறுப்பு, தலைமுடி மட்டும் மஞ்சள் கலந்த பழுப்பு. கிப்பனுக்கு வாலே கிடையாது. நாலு காலில் தாவாமல், கையால் கிளைக்குக் கிளை ஊஞ்சலாடிப் போகும்.

இந்தியாவில் காட்டில் வாழும் வாலில்லாக் குரங்கு என்றால் ஹூலக் கிப்பன்தான், அதுவும் வடகிழக்கில் மட்டும். பார்க்க ஆசை இருந்தால் அசாமின் ஜோர்ஹாட் மாவட்டத்தில் ஹூலங்காபார் கிப்பன் சரணாலயம் இருக்கிறது. மற்ற வாலில்லாக் குரங்குகளைப் பார்க்க வெளிநாடுதான் போக வேண்டும்: கொரில்லாவுக்கு உகாண்டாவின் பிவிண்டி காடு, ஒராங்குட்டானுக்கு இந்தோனேசியாவின் சுமத்ரா தீவு.

அதற்காகக் கருமந்தியை மட்டமாக நினைக்க வேண்டாம். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத விலங்கு அது. லேகியத்துக்காக அதைக் கொன்று குவித்த கொடுமையும் இங்கே நடந்திருக்கிறது.

அப்புறம், 'கைடுக்குப் பணம் கொடுத்தால் உள்ளே கூட்டிப் போவார்' என்பதை நம்பிக் கிளம்பாதீர்கள். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம், மாட்டினால் வழக்கு உங்கள் மேலும்தான். 2024-இல் தொடங்கிய, வனத்துறையின் 'ட்ரெக் தமிழ்நாடு' மலையேற்ற இணையதளத்தில் முன்பதிவு செய்து போகலாம்.