பாரம் தூக்கிறவனுக்குப் பஞ்சுச் சப்பாத்து எதற்கு?

போன செவ்வாய் பின்னேரம் எங்கள் ஜிம்மில் ஒரு சின்னச் சம்பவம். புதிதாகச் சேர வந்த பெடியன் ஒருவன், பத்தொன்பது இருபது வயது இருக்கும், பள்ளிக்கூடத்துக்குப் போட்டுத் தேய்ந்த வெள்ளைக் கன்வாஸ் சப்பாத்தோடு வாசலில் நின்றான். மேசையில் இருந்தவர் முதலில் பார்த்தது அவனுடைய காலைத்தான். “தம்பி, இது ஜிம்முக்குச் சரிவராது, நல்ல சப்பாத்தொன்று வாங்கிக்கொண்டு வாரும்” என்றார். பெடியன் ஒன்றும் கதைக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அதே நேரம் உள்ளே 80 கிலோவைத் தோளில் வைத்து ஸ்குவாட், அதாவது குந்தி எழும்புகிற பயிற்சி, அடித்துக்கொண்டிருந்தவரின் காலில் இருந்தது கனடாவிலிருந்து வந்த ஓட்டச் சப்பாத்து, குதிப்பக்கம் பாண் மாதிரி ஊதியது. அவர் இருந்து எழும்புகிற ஒவ்வொரு முறையும் கணுக்கால் உள்பக்கம் சரிந்து சரிந்து வந்தது. அவரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குப் பார்க்கப் பார்க்கப் பத்திக்கொண்டு வந்தது, அன்றைக்கே எழுதியிருப்பேன், வேலை விடவில்லை.

ஓட்டச் சப்பாத்து கூடாத சாமான் என்று நான் சொல்ல வரவில்லை. அது ஓடுகிறதற்குச் செய்தது. ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் உடம்பின் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு காலில் இறங்கும், அந்த அடியை வாங்கத்தான் குதிக்குக் கீழே அவ்வளவு நுரை. ஆனால் தோளில் கம்பியை வைத்துக்கொண்டு நிற்கிறவனுக்கு அடி வாங்குகிற வேலை இல்லை, அசையாமல் நிற்கிற வேலைதான். உங்களுடைய 70 கிலோவும் கம்பியின் 80 கிலோவும் சேர்ந்து 150 கிலோ அந்த நுரைக்கு மேலே நின்றால் அது ஒரே மாதிரி அமுங்காது, எந்தப் பக்கம் கொஞ்சம் கூடச் சாய்கிறீர்களோ அந்தப் பக்கம் கூட அமுங்கும். அப்புறம் கணுக்கால் அதைச் சரிக்கட்டப் பார்க்கும், முழங்கால் உள்ளே வரும், இடுப்பு ஒரு பக்கம் இழுக்கும். சந்தேகம் என்றால் உங்கள் சப்பாத்தை எடுத்துக் குதிப்பக்கத்தைப் பெருவிரலால் ஒருக்கால் அழுத்திப் பாருங்கள். விரலுக்கே பள்ளம் விழுந்தால் 150 கிலோவுக்கு என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இதை நான் புத்தகத்தில் படித்துப் பிடித்துக்கொள்ளவில்லை, பட்டுத்தான் தெரிந்தது. சில வருடங்களுக்கு முன்னர் சித்தப்பா லண்டனிலிருந்து வரும்போது ஒரு சோடி கொண்டுவந்து தந்தார். நீலமும் மஞ்சளும், போட்டால் மேகத்தில் நடக்கிற மாதிரி. பெருமையில் அதையே போட்டுக்கொண்டு 90 கிலோவைத் தோளில் வைத்து ஸ்குவாட் அடித்தேன். மூன்றாவது முறை எழும்புகிற இடத்தில் வலது குதி வெளிப்பக்கம் வழுகின மாதிரி ஓர் உணர்வு. உண்மையில் வழுகவில்லை, நுரை ஒரு பக்கம் அமுங்கியிருக்கிறது, அவ்வளவுதான். கம்பி பின்பக்கம் போய்க் காப்புக் கம்பியில் விழுந்தது. நல்ல காலம், அந்தக் காப்புக் கம்பியை அன்றைக்கு யாரோ கழற்றி வைத்திருக்கவில்லை. இரண்டு கிழமை குனிந்து சேர்ட் பொறுக்க முடியாமல் வீட்டில் இருந்தேன், அம்மா எண்ணெய் பூசிப் பூசி ஏசினார். பிழை முழுக்க என்னுடையது, சித்தப்பாவின் சப்பாத்தை நான் போட்ட இடம்தான் பிழை.

வீட்டில் கிடந்த அந்த நாட்களில்தான் அப்பாவின் ஒரு பழக்கம் ஞாபகம் வந்தது. காலபோக வெள்ளாண்மை முடிந்து நெல்லு மூடை ஏற்றும்போது, மூடைக்குக் கை வைக்க முதல் பாட்டாச் செருப்பைக் கழற்றி வரம்போரம் வைத்துவிடுவார். ஒரு நாளும் பாட்டாவோடு மூடை தூக்கினதை நான் கண்டதில்லை. உழவு மெசின் பெட்டிக்கு ஒரு பலகை சாத்தியிருக்கும். அந்தப் பலகையில் 60, 70 கிலோ மூடை முதுகில் இருக்க அவர் ஏறும்போது கால்விரல் அஞ்சும் விசிறி மாதிரி விரிந்து பலகையைப் பிடிக்கும், பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையில் ஒரு பென்சில் வைக்கலாம். ஜிம் மாஸ்டர்மார் இப்போது பாதத்தின் மூன்று முனையில் நில்லுங்கள் என்று சொல்லித் தருகிறார்களே, குதி, பெருவிரலின் அடி, சின்ன விரலின் அடி, அதை அப்பாவுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. செருப்புக் கழற்றினால் தானாக வருகிற விஷயம் அது.

நிலத்தில் கிடக்கிற கம்பியை இடுப்பு மட்டத்துக்குத் தூக்கி நிமிருகிற டெட்லிஃப்டுக்கு வந்தால் கணக்கு இன்னும் சுலபம். கம்பி நிலத்தில் ஒரே உயரத்தில்தான் கிடக்கிறது. உங்கள் சப்பாத்தின் அடி 3 சென்ரிமீற்றர் தடிப்பு என்றால் நீங்கள் 3 சென்ரிமீற்றர் மேலே நின்றுகொண்டு குனிகிறீர்கள், ஒவ்வொரு தூக்குக்கும் அவ்வளவு தூரம் கூடத் தூக்குகிறீர்கள். குதி உயர்ந்திருந்தால் உடம்பும் முன்னுக்குத் தள்ளப்படும். அதனால்தான் பவர்லிஃப்டிங் போட்டிகளில் பலர் வீட்டுக்குள் போடுகிற சிலிப்பர் மாதிரி மெல்லிய அடியுள்ள ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறார்கள். சர்வதேசச் சம்மேளனத்தின் விதிப்படி காலில் ஏதாவது இருக்க வேண்டும், வெறுங்காலோடு விடமாட்டார்கள், அதனால் வெறுங்காலுக்கு எவ்வளவு கிட்டப் போகலாமோ அவ்வளவு கிட்டப் போகிறார்கள்.

அமெரிக்காவில் பாரம் தூக்குகிறவர்கள் வருடக்கணக்காக விரும்பிப் போடுகிற இன்னொரு சப்பாத்து கொன்வேர்ஸ். 1917இல் கூடைப்பந்துக்கென்று கொண்டுவந்தது. தட்டையான றப்பர் அடி, மேலே கன்வாஸ் துணி, இழுத்துக் கட்ட லேஸ், வேறு ஒன்றும் இல்லை. அமுங்குகிறதற்கு அதில் பெரிதாக எதுவும் கிடையாது, அதுதான் அதன் குணம். இப்போது சொல்லுங்கள், எங்கள் பள்ளிக்கூட வெள்ளைச் சப்பாத்து எப்படி இருக்கும்? தட்டையான றப்பர் அடி, மேலே கன்வாஸ், லேஸ். அந்தப் பெடியனை எதைப் போட்டதற்காகத் திருப்பி அனுப்பினோம் என்று யோசித்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, வயிறும் எரிகிறது.

குதி உயர்ந்த சப்பாத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் கீழே கொமென்டில் வந்து கேட்பீர்கள். சரி. டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021இல், 49 கிலோப் பிரிவில் இந்தியாவின் மீராபாய் சானு 202 கிலோ தூக்கி வெள்ளி எடுத்த வீடியோவைத் திரும்பப் போட்டு, கம்பியை விட்டுவிட்டுக் காலை மட்டும் பாருங்கள். குதி உயரமாக இருக்கும், மேலே ஒரு பட்டி. இந்த வகைச் சப்பாத்தில் குதி ஏறக்குறைய 2 சென்ரிமீற்றர் உயர்ந்திருக்கும், ஆனால் நுரை கிடையாது. முந்திய காலத்தில் மரத்தாலும் தோலாலும் செய்தார்கள், இப்போது பெரும்பாலும் கடினமான பிளாஸ்ரிக். சுத்தியலால் அடித்தாலும் அமுங்காது. தலைக்கு மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு அடிமட்டத்துக்குக் குந்தும்போது நெஞ்சு நிமிர்ந்து இருக்க வேண்டும், அதற்கு முழங்கால் நன்றாக முன்னுக்கு வர வேண்டும், கணுக்கால் அவ்வளவு மடியாதவர்களுக்கு அந்த 2 சென்ரிமீற்றர் கை கொடுக்கும். ஸ்னாச், கிளீன் அன்ட் ஜேர்க் என்று ஒலிம்பிக்கில் தலைக்கு மேலே தூக்குகிற அந்த இரண்டு வகையையும் பழகுகிறவர்கள் கட்டாயம் யோசிக்க வேண்டிய சாமான் அது.

ஆனால் சாதாரண ஸ்குவாட்டுக்கு எங்கள் ஆட்களுக்கு அது வேணுமா? கச்சான் பிடுங்கும்போது எங்கள் அம்மாமார் குதி நிலத்தில் பட மணிக்கணக்கில் குந்தியிருப்பதைப் பார்த்திருக்கிறீர்கள்தானே. அப்படிக் குந்திப் பழகினவர்களுக்குக் கணுக்கால் ஏற்கெனவே மடிகிறது. என் கதை வேறு. மோட்டார் சைக்கிளால் விழுந்து முறிந்த கணுக்கால், அதற்கு மேல் பத்து வருடம் கதிரையில் இருந்து வேலை. உங்கள் கணுக்கால் எவ்வளவு மடிகிறது என்று பார்க்க, சுவரிலிருந்து ஒரு சாண் இல்லை, அதில் பாதி, ஏறக்குறைய 10 சென்ரிமீற்றர் தள்ளிப் பெருவிரலை வைத்து, குதி எழும்பாமல் முழங்காலால் சுவரைத் தொட்டுப் பாருங்கள். தொட்டால் உங்களுக்குத் தட்டையான சப்பாத்துப் போதும். எனக்கு இடது கால் தொடுகிறது, வலது கால் இன்றைக்கும் தொடவில்லை, அதனால் நான் ஸ்குவாட்டுக்கு மட்டும் குதி உயர்ந்ததைப் போடுகிறேன். இருக்கிற காசில் முதலில் வாங்க வேண்டியது அதுதான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இந்தக் குதி உயரம் எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குச் சரியாக விளங்கப்படுத்தினவர் எங்களோடு பின்னேரம் வருகிற ஓர் அண்ணை. இடது கால் முழங்காலுக்குக் கீழே செயற்கை, மிதிவெடி. பெஞ்சில் படுத்துத் தூக்குவதில் எங்கள் எல்லாரையும் விடக் கூடத் தூக்குவார். ஒரு நாள் தம்பி ஒருவன் ஆசையாகக் கொடுத்த புதுச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வந்தவர், ஐந்து நிமிடத்தில் கதிரையில் இருந்துவிட்டார். “கால் என்னை முன்னுக்குத் தள்ளுதடாப்பா” என்றார். செயற்கைக் காலை ஒரு குறிப்பிட்ட குதி உயரத்துக்குக் கணக்குப் பார்த்துத்தான் பொருத்துகிறார்கள். எங்கள் கணுக்கால் உயரத்துக்கு ஏற்றபடி வளைந்து கொடுக்கும், அவருடையது கொடுக்காது. குதி கூடினால் முழங்கால் முன்னுக்கு மடிகிறது, குறைந்தால் பின்னுக்கு இழுக்கிறது. அவர் தன் பழைய சப்பாத்தையும் புதியதையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அடிமட்டத்தால் அளந்து காட்டினார், வித்தியாசம் ஒரு சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் கூட. எங்களுடைய கால் அந்த ஒரு சென்ரிமீற்றரைச் சத்தமில்லாமல் சமாளித்துவிடுகிறது, அதனால் எங்களுக்குத் தெரிவதில்லை.

வாசலில் இருந்தவர் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, மறைக்கக் கூடாது. பாட்டாவோடு வந்து தூக்குகிறவர்களை விடக் கூடாது, குதி பின்பக்கம் வழுகும், வார் அறுந்தால் முடிந்தது கதை. வெறுங்காலும் சீமெந்து நிலத்தில் எல்லாருடைய வியர்வைக்கும் மேலே சரிவராது, வயலில் வாங்காத சேற்றுப்புண்ணை ஜிம்மில் வாங்குவீர்கள். பத்துக் கிலோத் தட்டுக் காலில் விழுந்தால் கன்வாஸ் காப்பாற்றாது, உண்மை. ஆனால் அந்த ஓட்டச் சப்பாத்தின் வலைத்துணி மட்டும் காப்பாற்றுமா?

வாங்கப் போகிறவர்களுக்கு எனக்குத் தெரிந்தது. பின்னேரத்தில் போங்கள், பகல் முழுக்க நின்ற கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அந்த அளவுதான் சரியான அளவு. நீளத்தை மட்டும் பார்க்காதீர்கள், எங்களில் பலருக்குக் கால் அகலம், சின்ன வயதில் வெறுங்காலோடு திரிந்த கால்கள், கடையில் கிடக்கிற கூர்மூக்குச் சப்பாத்தில் சின்ன விரல் மடங்கிப் போய்விடும். வெள்ளைத்தாளில் காலை வைத்துப் பென்சிலால் சுற்றிக் கீறி, அதற்கு மேலே சப்பாத்தை வைத்துப் பாருங்கள், கோடு வெளியே தெரிந்தால் அது உங்கள் சப்பாத்து இல்லை. உள்ளே கிடக்கிற மெத்தைத் தட்டைக் கழற்ற முடிந்தால் பாரம் தூக்கும்போது கழற்றிவிடலாம். ரைல்ஸ் போட்ட ஜிம் என்றால் அடி தேய்ந்ததைக் கொண்டுபோகாதீர்கள்.

பெண்பிள்ளைகளுக்குக் கடையில் காட்டுவதெல்லாம் ஊதா நிற நுரைச் சப்பாத்துத்தான். தங்கச்சி கடைசியில் பெடியன்களுக்கான கன்வாஸ் ஒன்றில்தான் கால் பிடிக்கிற அகலத்தைக் கண்டாள். வெளிநாட்டிலிருந்து வந்ததென்று அலுமாரியில் வருடக்கணக்கில் பொத்திப் பொத்தி வைத்ததையும் நம்பாதீர்கள். சிலவகை நுரை எங்கள் வெக்கைக்கும் ஈரத்துக்கும் போடாமலேயே உக்கிவிடும், ஒருநாள் எடுத்துப் போட அடி கேக் மாதிரி உதிரும். 2022இல் டொலர் 200இலிருந்து 360க்குப் போனபிறகு நல்ல இறக்குமதிச் சப்பாத்து எங்களில் பலருக்கு எட்டாத சாமான், அதைப் போடவில்லை என்று ஒருவனை வாசலில் நிறுத்துவது வேறு மாதிரியான கணக்கு.

கிளிநொச்சி இரணைமடுக் குளக்கட்டில் காலையில் ஓடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கன்வாஸோடு பத்துக் கிலோமீற்றர் ஓடி முழங்கால் நொந்து என்னிடம் வரவேண்டாம். அங்கே நுரைதான் சரி, சித்தப்பாவின் நீலம் மஞ்சள் இப்போது அந்த வேலைதான் பார்க்கிறது. பெஞ்ச், கைப்பயிற்சி, மெசின் மட்டும் செய்கிறவர்கள் எதையும் போடலாம்.

மேசையில் இருந்தவரோடு நேற்றுக் கதைத்தேன். முதலில் முகத்தைச் சுழித்தார், பிறகு தன்னுடைய சப்பாத்தின் குதியைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பெடியனின் பேர் ஊர் ஒன்றும் எனக்குத் தெரியாது, மெலிந்த ஆள், கரியரில் உரப்பை கட்டின பழைய சைக்கிள். யாருக்காவது தெரிந்தால் அதே சப்பாத்தோடு வரச் சொல்லுங்கள், லேஸ் மட்டும் புதிது போட்டுக்கொண்டு வரட்டும். ஆறு மணிக்குப் பிறகு நான் அங்கேதான் நிற்பேன்.